காரண்ட் ரைபிளைச் செப்பனிட முற்பட்டிருக்கும் தமிழ் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குடியேறி, உத்தியோகத்திலும் குடும்பத்திலும் நிலைபெற்ற பிறகு, ஓய்வு நாட்களில் இலக்கு நோக்கிச் சுடும் விளையாட்டில் மனத்தைச் செலுத்தி, அதன் பொருட்டுப் பழைய எம்-1 காரண்ட் ரைபிள் ஒன்றைச் சட்டப்படி வாங்கி, வாங்கிய சூட்டோடு அதைப் பிரித்து மேசைமேல் பரப்பி, எந்த உறுப்பை மாற்றலாம், எதை அரம் கொண்டு தேய்க்கலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிட்ட உங்களை எண்ணியே இந்த மடலை எழுதுகிறேன். உங்கள் ஆர்வத்தைக் குறைகூறுவது என் நோக்கமன்று. யந்திரத்தைத் தொட்டுப் பார்க்காதவன் அதை அறியமாட்டான் என்பது எனக்கும் உடன்பாடே. ஆயினும், தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ஒரு துப்பாக்கி எக்காரணத்தால் ஓடுகிறது, எக்காரணத்தால் நிற்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமலே, விளம்பரத்தில் கண்ட உறுப்புகளையெல்லாம் ஒவ்வொன்றாக வாங்கிப் பொருத்திவிட்டு, பின்பு அது அடிக்கடி சிக்குகிறதே என்று வருந்துகிறவர்கள் பெருகி வருவதைப் பார்க்கும்போது, சில விஷயங்களை விரித்துச் சொல்வது அவசியம் என்று தோன்றியது.

ஜான் காரண்ட், கனடாவில் க்யூபெக் மாகாணத்தில் 1888-ஆம் ஆண்டு பிறந்தவர். சிறுவயதில் நெசவாலையில் கூலி வேலைக்குச் சேர்ந்து, அங்கிருந்த பட்டறையிலேயே யந்திரத் தொழிலைக் கற்றுத் தேர்ந்தவர். 1919-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு அரசாங்க ஆயுதசாலையில் சேர்ந்து, ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள் ஒரே காரியத்தில் சிரத்தையோடு உழைத்தார். அந்த உழைப்பின் பயனாக உருவான ரைபிளை அமெரிக்க ராணுவம் 1936-ஆம் ஆண்டு ஜனவரியில் அங்கீகரித்தது. பின்னர் ஐம்பத்து நான்கு லட்சம் அளவுக்குத் தயாரிக்கப்பட்ட அந்த ஆயுதத்திற்கென்று அவர் தனி உரிமைத்தொகை எதுவும் பெறவில்லை. ஆயுதசாலைச் சம்பளத்தோடு நின்றார். இந்த வரலாற்றை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் ஒன்று உண்டு. யுத்த காலத்தில் பழக்கமற்ற கைகளும் தயாரிக்கத்தக்கதாய், சேற்றிலும் மழையிலும் பனியிலும் கிடந்து இயங்கத்தக்கதாய் வகுக்கப்பட்ட பொருள் இது. உங்களிடம் வந்திருக்கும் ரைபிளோ, அநேகமாக, ஒருமுறைக்கு மேல் ஆயுதசாலைகளில் பழுதுபார்க்கப்பட்டு, ஓர் ஆண்டின் ரிசீவரும் மற்றோர் ஆண்டின் போல்ட்டும் வேறொரு தொழிற்சாலையின் கட்டையும் ஒன்றுசேர்ந்த கலப்பாகவே இருக்கும். ஆகையால், அதைச் 'சிறப்பிக்க' நினைப்பதற்கு முன்னால், முதலில் அதை வகுத்தவருடைய கணக்குக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. நம்பகத்தன்மை என்று நீங்கள் தேடுவதில் பெரும்பகுதி அந்த வேலையிலேயே கிடைத்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் கணக்கு என்ன? குண்டு குழலின் வாயை நெருங்கும் தறுவாயில், குழலின் அடிப்பக்கத்தில் உள்ள ஒரு சிறு துவாரத்தின் வழியாக வெடிவாயுவின் ஓர் அம்சம் கீழேயுள்ள உருளைக்குள் புகுந்து, ஆபரேட்டிங் ராடு எனப்படும் நீண்ட தண்டின் முனையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. தண்டு முதலில் சிறிது தூரம் வெறுமனே ஓடுகிறது. அந்த அற்ப அவகாசத்திற்குள் குண்டு வெளியேறி, குழலுக்குள் அழுத்தம் தணிந்துவிடுகிறது. அதன் பிறகே தண்டின் சரிவான பள்ளம் போல்ட்டைத் திருப்பிப் பூட்டைத் திறக்கிறது. போல்ட் பின்வாங்கி வெற்றுக் கூட்டை வெளியே எறிகிறது. ஹாமர் பின்னால் மடங்குகிறது. அமுங்கிய ஸ்பிரிங் விரிந்து எல்லாவற்றையும் முன்னே தள்ளும்போது அடுத்த தோட்டா அறைக்குள் புகுகிறது. இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்திற்குள் நடக்க வேண்டும். அதிலும் ஒன்றன்பின் ஒன்றாக, குறித்த வரிசையில் நடக்க வேண்டும். வாயு அதிகமானால் பூட்டு முந்தித் திறக்கும். குறைந்தால் போல்ட் முழுத்தூரம் போகாமல் பாதியில் திரும்பும். துவாரத்தின் அளவு, மருந்து எரியும் வேகம், தண்டின் எடை, ஸ்பிரிங்கின் பலம் ஆகிய நான்கும் ஒன்றையொன்று பார்த்தே நிர்ணயிக்கப்பட்டவை. இவற்றுள் ஒன்றை மாற்றுகிறவர், மற்ற மூன்றுக்கும் பொறுப்பேற்கிறார்.

ஆகவே, செப்பனிடும் வேலை தோட்டாவிலிருந்து தொடங்குகிறது. பலர் தோட்டாவை ரைபிளுக்குப் புறம்பான பொருளாகக் கருதுகிறார்கள். நாதஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ அப்படியே இந்த ரைபிளுக்குத் தோட்டா என்பதை உணர்ந்தால், பாதி வேலை முடிந்தது. காரண்டுக்கு இசைந்த ராணுவத் தோட்டா, 30-06 அளவில் சுமார் 150 கிரெய்ன் எடையுள்ள குண்டை விநாடிக்கு ஏறக்குறைய 2,700 அடி வேகத்தில் செலுத்தும் எம்-2 வகை. நடுத்தர வேகத்தில் எரியும் 4895 போன்ற மருந்துகள் அதற்கு உரியவை. மானை வேட்டையாடுவதற்கென்று கடைகளில் விற்கும் அதே 30-06 தோட்டாக்களில் பல, கனமான குண்டையும் மெதுவாக எரியும் மருந்தையும் கொண்டவை. அவற்றில் அறையின் உச்ச அழுத்தம் எல்லை மீறுவதில்லை. விபரீதம் குழல் வாய்ப்பக்கத்தில் நேர்கிறது. மெதுவாக எரியும் மருந்து, வாயுத் துவாரத்தைக் குண்டு கடக்கும் சமயத்திலும் மிகுந்த அழுத்தத்தோடு நிற்பதால், தண்டு வேண்டாத உக்கிரத்துடன் அடிபடுகிறது. சிலநாள் சுட்ட பிறகு தண்டு வளைந்து போகும். ரிசீவரின் பின்பகுதி அடிவாங்கும். கையால் தோட்டா நிரப்பிக்கொள்கிறவர்களும், காரண்டுக்கென்றே அச்சிடப்பட்ட அட்டவணைகளைத் தவிர வேறொன்றையும் பின்பற்றலாகாது. பழைய யுத்தகாலத் தோட்டா கிடைத்தால் மகிழ்ச்சி அடையும் அன்பர்கள், அதன் பிரைமரில் உலோகத்தை அரிக்கும் உப்பை விளைவிக்கும் இரசாயனம் உண்டு என்பதையும், அந்த உப்பு எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சுட்ட அன்றே நீர் கொண்டு கழுவித் துடைத்து உலர்த்திய பிறகுதான் எண்ணெய்.

வேட்டைத் தோட்டாவையே சுட்டாக வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு மாற்று வழி உண்டு. வாயு உருளையின் முன்முனையை அடைக்கும் திருகுக்குப் பதிலாக, வாயுவின் ஒரு பங்கை வெளியே விட்டுவிடும் திருகுகள் விற்கப்படுகின்றன. சிலவற்றில் அந்த வழியைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். இது புதுமை என்று எண்ண வேண்டாம். நம் இந்தியப் பட்டாளத்திலும் காவல்துறையிலும் பல்லாண்டுகள் வழங்கிய எஸ்.எல்.ஆர். துப்பாக்கியில், வாயுவைக் கூட்டிக் குறைக்கும் வளையம் ஆரம்பத்திலிருந்தே அமைந்திருந்தது. அதைக் கையாண்ட சிப்பாய்க்கு இந்தத் தத்துவம் பாடம் நடத்தாமலே தெரியும். காரண்டில் பொருத்துகிறவர் செய்ய வேண்டியது இவ்வளவே: வாயு முழுவதும் வெளியேறும்படி திறந்து வைத்துத் தொடங்கி, ஒவ்வொரு தோட்டாவாகச் சுட்டு, சிறிது சிறிதாக மூடிக்கொண்டே வந்து, போல்ட் முழுத்தூரம் பின்வாங்கி வெற்றுக்கூட்டை ஒழுங்காக எறியும் இடம் வந்ததும் இன்னும் ஓர் அணு மூடி நிறுத்த வேண்டும். தோட்டாவை மாற்றினால் இதை மறுபடியும் செய்ய வேண்டும். என்னைக் கேட்டால், இத்தனை பிரயாசைக்குப் பதில் உரிய தோட்டாவையே வாங்கிவிடுவது மலிவு.

அடுத்தது ஸ்பிரிங். காரண்ட் செய்த வேலைகளுள் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். போல்ட்டை முன்னே தள்ளும் வேலையையும், கிளிப்பில் உள்ள எட்டுத் தோட்டாக்களை மேலே உயர்த்திக்கொடுக்கும் வேலையையும் ஒரே ஸ்பிரிங் செய்கிறது. உறுப்புகளைக் குறைத்தவனே நல்ல தச்சன், நல்ல கொல்லன். ஆனால் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. அந்த ஸ்பிரிங் தளர்ந்தால் இரண்டு வேலையும் ஒருங்கே கெடும். தோட்டாக்கள் மேலேறி நிற்பதற்குள் போல்ட் கடந்துபோய், அடுத்த தோட்டாவின் முதுகில் ஏறி நிற்கும். இதைக் கண்டவர், வெளியேற்றும் உறுப்பில் குற்றம் என்று நினைத்து அதை மாற்றுவார், குற்றம் நீங்காது. வெளியே எடுத்து அளந்தால், நல்ல ஸ்பிரிங் ஏறக்குறைய 20 அங்குலம் இருக்கும். 19 அங்குலத்துக்குக் கீழே சுருங்கியிருந்தால் தயங்காமல் மாற்றிவிட வேண்டும். 'மிகைப்பலம் கொண்டது' என்று விற்கப்படும் ஸ்பிரிங்குகள்மேல் எனக்கு நல்லெண்ணம் இல்லை. அவை போல்ட்டை உக்கிரமாக முன்னே அறைவதோடு, பின்னோக்கிய பிரயாணத்தையும் குறுக்குகின்றன.

ஆபரேட்டிங் ராடு வளைந்திருக்கிறதே என்று அதை நேராக்கியவர்களைப் பற்றி வருத்தத்தோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது. அந்தத் தண்டு பிறவியிலேயே வளைந்தது. குழலின் அடியில் இருந்து ரிசீவரின் பக்கவாட்டுக்குத் தப்பிப் போவதற்காகவே அதன் வளைவுகள் வகுக்கப்பட்டன. அது எங்கும் உரசாமல் ஓடுகிறதா என்பதை அறிவதற்கு ஆயுதசாலைக்காரர்கள் கையாண்ட சோதனை எளியது. எவ்விதக் கருவியும் வேண்டாதது. தோட்டா இல்லை என்பதை முதலில் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொண்டு, ஸ்பிரிங்கையும் தோட்டாவை உயர்த்தும் உறுப்புகளையும் நீக்கி, தண்டும் போல்ட்டும் மாத்திரம் இருக்கும் நிலையில் குழல் வாயை மேல்நோக்கிச் சாய்க்க வேண்டும்; போல்ட் தன் எடையாலேயே திறந்து பின்னே வழுக்கி வர வேண்டும். கீழ்நோக்கிச் சாய்த்தால் தானே முன்னே சென்று மூட வேண்டும். கட்டையில் பொருத்தாமல் ஒருமுறையும், கட்டையில் அமர்த்திக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒருமுறையும் இதைச் செய்தால், தடை உலோகத்திலா மரத்திலா என்பது வெளிப்பட்டுவிடும். மழைக்காலத்தில் ஈரம் குடித்துப் பருத்த கட்டையும், சற்று இறங்கிவிட்ட முன்கைப்பிடியும் தண்டை உரசி, வாயுவின் சக்தியைத் திருடிக்கொள்வது சர்வசாதாரணம். உரசும் இடம் பளபளப்பாக மின்னும். மரமாயின் அங்கே மாத்திரம் சிறிது சுரண்டினால் போதும். வாயு உருளையின் உள்ளேயும் தண்டின் முனையிலும் தேய்மானம் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பாகங்களுக்குள் இருக்க வேண்டும். கரியைப் போக்குவதாக எண்ணி உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறவர், கரியோடு அந்த அளவையும் போக்கிவிடுகிறார்.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. ஆரம்பத்தில் இந்த ரைபிளுக்கும் எண்ணெய்தான் இடப்பட்டது. நீடித்த மழையில் எண்ணெய் கழுவிப் போய், போல்ட்டின் பூட்டுக்காதுகள் இறுகிப் பிடித்துக்கொண்ட அனுபவத்திற்குப் பிறகே கிரீஸ் வழக்கத்துக்கு வந்தது. சிப்பாயின் கட்டைக்குள் ஒரு சிறு கிரீஸ் டப்பாவும் இடம்பெற்றது. போல்ட்டின் காதுகள், தண்டு ஓடும் பள்ளம், தண்டின் சரிவு போல்ட்டைத் தொடும் இடம், ஹாமர் உரசும் போல்ட்டின் அடிப்பாகம் ஆகிய உலோகத்தின்மேல் உலோகம் சறுக்கும் இடங்களுக்கெல்லாம் கிரீஸ் வேண்டும்; தண்டின் முனையும் வாயு உருளையும் உலர்ந்தே இருக்க வேண்டும். இந்த ஒரு விதியை மாற்றிச் செய்து, உருளைக்குள் கிரீஸை நிரப்பிப் போல்ட்டை உலர விட்டிருக்கும் ரைபிள்கள் எத்தனையோ. சிக்கல் என்று சொல்லப்படுவனவற்றில் பல, ஒரு விரல்நுனிக் கிரீஸில் தீர்ந்துபோகும்.

கிளிப் சின்ன விஷயம் போலத் தோன்றும். எட்டுத் தோட்டாக்களை அணைத்துக்கொண்டு ரைபிளுக்குள்ளேயே இறங்கி, கடைசித் தோட்டா சுட்டதும் 'டிங்' என்ற ஓசையோடு வெளியே தெறிக்கும் அந்தத் தகட்டு உறை, தோட்டாக்களை ஏற்றும் பாதையின் ஓர் அங்கம். விளிம்பு நெளிந்த கிளிப்பையும் துருப்பிடித்ததையும் எறிந்துவிட வேண்டும். இந்தப் பாதை எத்துணை நுட்பமானது என்பதற்கு ஆயுதசாலையின் வரலாற்றிலேயே சான்று உள்ளது. 1940-ஐ ஒட்டிய காலத்தில், தொழிற்சாலையில் வரிசையாகத் தயாரான ரைபிள்களில் ஏழாவது தோட்டா சிக்கிக்கொள்ளும் கோளாறு தலைகாட்டியது. கைவினைப் பட்டறையில் முன்பு செய்யப்பட்ட மாதிரிகளிலோ அது இல்லை. ஆராய்ந்ததில், ரிசீவருக்குள் தோட்டாக்களுக்கு வழிகாட்டும் சிறு உலோக விளிம்பு ஒன்று, கடைசல் வேலையில் நேர்ந்த மாறுதலால் வேண்டிய அளவுக்கு மேல் சீவப்பட்டிருந்தது தெரியவந்தது. விளிம்பைத் திரும்ப வைத்ததும் கோளாறு ஒழிந்தது. தோட்டா வழுவழுப்பாக ஏற வேண்டும் என்று, உட்புற விளிம்புகளையெல்லாம் சிறு சுழல் யந்திரம் கொண்டு மெருகிட முனையும் அன்பர்கள் இந்த ஒரு நிகழ்ச்சியைப் பலமுறை சிந்திப்பது நலம்.

வேறொரு ரைபிளின் கதையும் இதே தத்துவத்தைக் காட்டுகிறது. யூஜின் ஸ்டோனர் வகுத்த துப்பாக்கி எம்-16 என்ற பெயரில் வியத்நாம் யுத்தத்திற்குச் சென்றபோது, அதன் தோட்டாவில் இடப்பட்ட மருந்து, சோதனைக் காலத்து வகையிலிருந்து உருண்டைத் துகள் கொண்ட வேறு வகைக்கு மாற்றப்பட்டிருந்தது. இயக்க வேகம் மிகுந்தது, கரியும் மிகுந்தது, அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லாததால் வெப்ப தேசத்து ஈரத்தில் அது அரித்தது, சுத்தம் செய்யும் உபகரணங்களும் போதிய அளவு அனுப்பப்படவில்லை. வெற்றுக்கூடு அறையில் ஒட்டிக்கொண்ட துப்பாக்கிகளோடு சிப்பாய்கள் மாண்டார்கள். 1967-இல் அமெரிக்கப் பிரதிநிதி சபையின் உபகமிட்டி இதை விசாரித்தது. பின்பு, போல்ட்டின் வேகத்தைத் தணிக்கும் கனமான பஃபரும் குரோமிய அறையும் சுத்தம் செய்யும் கருவிகளும் வந்தன, நிலைமை சீர்பட்டது. துப்பாக்கியின் வடிவத்தில் குற்றம் தேடியவர்கள், தோட்டாவுக்குள் இருந்த மருந்தைப் பிந்தியே பார்த்தார்கள்.

குறிநுட்பத்துக்காகச் செய்யப்படும் வேலைகளை நான் ஏளனம் செய்யவில்லை. ஈரி ஏரிக்கரையில் உள்ள கேம்ப் பெர்ரியில் 1907 முதல் நடந்துவரும் தேசியப் போட்டிகளுக்கென்று ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையே காரண்டுகளைத் தெரிந்தெடுத்து, கட்டையில் பிசின் வார்த்து ரிசீவரை ஆடாமல் அமர்த்தி, அரை நிமிஷக் கோணத்தில் நகரும் குறிக்காட்சிகளைப் பொருத்திக் கொடுத்தது. ஆயினும், இன்று ஜான் காரண்ட் பெயரால் நடத்தப்படும் போட்டியில் வழங்கப்பட்ட நிலையிலேயே உள்ள ரைபிள்தான் அனுமதிக்கப்படுகிறது. ஆகவே, பிசின் வார்ப்பதற்கு முன்னால் எந்தப் போட்டியில் நிற்கப் போகிறோம் என்பதை நிச்சயித்துக்கொள்ளுங்கள்.

ட்ரிகரை இலேசாக்கும் ஆசையைப் பற்றி மாத்திரம் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். போட்டி விதி குறைந்தபட்சம் நாலரைப் பவுண்டு இழுப்பைக் கோருகிறது. அதற்குக் கீழே போக வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. ஹாமரைப் பற்றி நிற்கும் கொக்கிகளைத் தாமே தீட்டி, அவற்றின் கோணத்தைக் கெடுத்தவருடைய ரைபிள், ஒருமுறை இழுக்க இருமுறை சுடும் அபாயத்துக்கு உள்ளாகிறது. அது அருகில் நிற்பவர்களுக்கு இழைக்கும் துரோகம். சட்டத்தின் கண்ணிலும் விபரீதம். மேலும், இந்த ரைபிளின் பயரிங் பின் ஸ்பிரிங்கால் தடுக்கப்படாமல் போல்ட்டுக்குள் சுதந்திரமாக மிதப்பது. போல்ட் மூடும் வேகத்தில் அது பிரைமரை இலேசாகத் தொட்டு ஒரு சிறு குழியை விட்டுச் செல்வது இயல்பு. மெல்லிய பிரைமரையோ, சரியாக உட்காராது மேலெழுந்து நிற்கும் பிரைமரையோ உபயோகித்தால், அந்த இலேசான தொடுகையே வெடிப்பாக முடியக்கூடும். ஆதலால் ராணுவத் தரத்துக் கடினமான பிரைமரையே கையாளுங்கள். அறைக்குள் ஒற்றைத் தோட்டாவைக் கையால் போட்டு, அதன்மேல் போல்ட்டை ஓங்கி விடாதீர்கள். கிளிப்பிலிருந்து தோட்டாவை உரித்துக்கொண்டு செல்லும்போது போல்ட்டின் வேகம் தணிகிறது. வகுத்தவர் எண்ணியதும் அதையே.

இவ்வளவையும் படித்துவிட்டு, வாங்க வேண்டிய பட்டியல் எங்கே என்று கேட்பவர்களுக்கு: ஒரு புது ஸ்பிரிங், ஒரு டப்பா கிரீஸ், நெளியாத சில கிளிப்புகள், உரிய தோட்டா. இவற்றோடு, அடுத்த போட்டிக் காலம் தொடங்குமுன், அளவு மானிகளும் அனுபவமும் உள்ள ஒரு துப்பாக்கிக் கம்மியரிடம் ரைபிளைக் கொண்டுபோய், போல்ட்டுக்கும் அறைக்கும் இடையே உள்ள இடைவெளியை ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பல கைகள் மாறிவந்த ரைபிளில் அந்த ஓர் அளவு தவறியிருந்தால், மேலே நான் எழுதிய எதுவும் உங்களுக்குப் பயன்படாது.

இங்ஙனம்,
தங்கள் நலம் நாடும் அன்பன்